குறியிட்ட ஆவணங்களுக்கு இலக்கணம் வகுத்தல்: தெரிவும் எளிமையும்

தமிழ் மரபில் இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது. புலவர் பாடிச் சென்றவற்றை ஆராய்ந்தே இலக்கண நூலார் விதி வகுத்தனர். விதிக்கு அடங்காத வழக்கொன்று எதிர்ப்பட்டவிடத்து, அதனைப் பிழையென்று தள்ளாது புறனடை கூறி அமைத்துக்கொண்டனர். கணினியில் ஆவணங்களைச் சேமித்துவைக்கும் இக்காலத்திலோ இம்முறை தலைகீழாயிற்று. இங்கே விதி முதலில் எழுதப்படுகின்றது. ஆவணம் பின்னர் அதற்கு அமைதல் வேண்டும். அமையாததைப் பொறி ஏற்பதில்லை. புறனடை கூறுதற்கு உரையாசிரியர் எவரும் அருகில் நிற்பதில்லை. ஆகவே அவ்விதிகளை எம்மொழியில் எழுதுவது, எத்துணை எழுதுவது என்னும் வினாக்கள் கணினி வல்லுநரோடு நின்றுவிடுவன அல்ல. பழஞ்சுவடியையும் கல்வெட்டையும் கடிதத்தையும் வருங்காலத்தார்க்கு ஒப்படைக்க விரும்புவோர் அனைவரும் அவற்றை எண்ணிப் பார்த்தல் தகும்.

குறியிட்ட ஆவணம் என்பது யாது? அச்சிட்ட கடிதமொன்றைக் காண்பவர், மேலே நிற்பது இடமும் நாளும் என்றும், அதன்கீழ் வருவது விளி என்றும், இறுதியில் நிற்பது ஒப்பம் என்றும் அவை நிற்கும் இடத்தைக் கொண்டே அறிந்துகொள்கின்றார். கணினிக்கு அவ்வறிவு இல்லை. அதற்கு எல்லாம் எழுத்துக்களின் நிரையே. ஆகவே ஒவ்வோர் உறுப்பின் முன்னும் பின்னும் அதன் பெயரைச் சொல்லும் குறியொன்றை இட்டு, இது விளி, இது பந்தி என அறிவித்தல் வேண்டியதாயிற்று. உறுப்பைப் பற்றிய மேலதிகச் செய்தி, பண்பு என்னும் பெயரால், அதன் தொடக்கக் குறியினுள்ளேயே எழுதப்படும். திறந்த குறிகள் யாவும் முறையாக மூடப்பட்டிருப்பின் ஆவணம் நன்கமைந்தது எனப்படும். எவ்வுறுப்பினுள் எவ்வுறுப்பு எம்முறையில் வரலாம் என்று விதிக்கும் இலக்கணத்துக்கும் அது பொருந்துமாயின் வலிதானது எனப்படும். அவ்விலக்கணத்தை எழுதுவதற்கென அமைந்தனவே ஈண்டு இலக்கண மொழிகள் எனப்படுகின்றன.

இம்முறையின் தோற்றம் 1969ஆம் ஆண்டளவில் ஐ.பீ.எம். நிறுவனத்திற் பணியாற்றிய சாள்ஸ் கோல்ட்பார்ப், எட்வேட் மோஷர், றேமண்ட் லோரி என்னும் மூவரின் முயற்சியில் உள்ளது. அம்முயற்சி வளர்ந்து 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்னும் சர்வதேச நியமமாயிற்று. அது மிக விரிந்தது. அதனை முற்றும் கைக்கொண்ட செய்நிரல்கள் அரியன. ஆதலின் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதனைச் சுருக்கி, 1998 பெப்ரவரி 10ஆம் நாள் எக்ஸ்.எம்.எல். என்னும் பெயரால் வெளியிட்டது. சுருக்கியதனாற் பயன் பெருகியது என்பதற்கு இவ்வரலாறே முதற் சான்றாகும்.

நான்கு மொழிகள்

எஸ்.ஜி.எம்.எல். இலிருந்து வழிவழியாக வந்த இலக்கண மொழி ஆவண வகை வரையறை எனப்படுவது. கடிதம் ஒன்றன் இலக்கணத்தை அதனால் ஐந்தாறு வரிகளில் எழுதிவிடலாம். இடம், நாள், விளி, பந்தி ஒன்றோ பலவோ, ஒப்பம் என்று வரிசை கூறினால் அமையும். கற்பதற்கு எளிது, படிப்பதற்கும் எளிது. ஆயின் அதன் குறைகள் சில ஆழமானவை. ஓர் உறுப்பின் உள்ளே வரும் எழுத்துக்கள் எண்ணா, நாளா, வெறும் உரையா என வேறுபடுத்த அதற்கு வழியில்லை. 1999இல் வந்த பெயர்வெளி முறையை அஃது அறியாது. இவற்றினும் பெரிதான குறை, ஒரு பெயருக்கு ஒரே இலக்கணம் என்னும் கட்டுப்பாடாகும். ஆசிரியர் என்னும் உறுப்பினுள் வரும் பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் பகுப்பு வேண்டும். ஊர் என்னும் உறுப்பினுள் வரும் பெயருக்கு அது வேண்டா. இவ்வேறுபாட்டை ஆவண வகை வரையறையிற் கூற இயலாது. ஒன்றில் இரண்டையும் தளர்த்துதல் வேண்டும். அன்றேல் இரண்டாவது பெயரொன்றைப் படைத்தல் வேண்டும்.

இக்குறைகளை நீக்கும் நோக்கத்தோடு 2001 மே 2ஆம் நாள் வெளிவந்தது எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா. அதன் சிறப்பு தரவு வகைகளில் உள்ளது. அடிப்படை வகைகள் 19, அவற்றினின்று பிறப்பன 25, ஆக 44 வகைகளை அது முன்கூட்டியே வகுத்துத் தந்தது. எண், நாள், நேரம் முதலியன செவ்வனே அமைந்துள்ளனவா என்று பொறியே பார்த்துக்கொள்ளும். வணிகப் பட்டியல்களுக்கும் தரவுத்தளங்களுக்கும் இது பெருந்துணை. ஒரு வகையிலிருந்து மற்றொன்றை விரித்தும் சுருக்கியும் பெறும் வழிகளும் அதில் உள. இவ்வளவு செல்வத்தையும் பெற்றுள்ள அம்மொழி, தொடரியல் பற்றிய சில எளிய உண்மைகளைக் கூற இயலாது நிற்பதே வியப்பு. அதன் முழு நூலும் படித்தற்கு அரியது. தேர்ந்தோரும் அதன் விதிகள் சிலவற்றைப் பற்றிக் கருத்து வேறுபடுவர்.

மூன்றாவது, றிலாக்ஸ் என்.ஜி. யப்பானியரான முராத்தா மக்கோட்டோ என்பார் அமைத்த றிலாக்ஸ் என்பதும், ஜேம்ஸ் கிளார்க் என்பார் அமைத்த ட்றெக்ஸ் என்பதும் 2001இல் ஓயாசிஸ் அமைப்பின் குழுவொன்றில் ஒன்றாக்கப்பட்டதனால் தோன்றியது இது. 2003இல் சர்வதேச நியமமாயிற்று. நான்காவது, றிக் ஜெலிஃப் 1999இல் தைவானிற் பணியாற்றியபோது உருவாக்கிய ஸ்கீமாற்றோன். அது 2006இல் சர்வதேச நியமமாயிற்று. இந்நான்கனுள் எதனை எதற்குத் தெரிவது என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்தல் நன்று.

விடை பெறாத வினா

ஒரு நேர்காணலின் பதிவைக் குறியிட்டு வைப்பதாகக் கொள்க. ஒருவர் வினவுகின்றார், மற்றவர் விடை கூறுகின்றார், பின்னும் வினா, பின்னும் விடை. இறுதியாக வினவப்பட்டதற்கு விடை கூறாமலே அவர் எழுந்து போய்விடுகின்றார். சாட்சியின் விசாரணைப் பதிவிலும் இவ்வாறு நிகழ்தல் கூடும். இதற்கு இலக்கணம் மிகச் சிறியது: வினாவும் விடையும் இணையிணையாகப் பன்முறை வரும், அதன்பின் ஒரு வினா தனித்து வரினும் வரலாம். பள்ளி மாணவனும் இதனை விளங்கிக்கொள்வான்.

ஆவண வகை வரையறையோ எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவோ இவ்விதியை ஏற்பதில்லை. இரண்டும் ஒரு கட்டுப்பாட்டை விதிக்கின்றன. ஆவணத்தைப் படித்துச் செல்லும் பொறி ஓர் உறுப்பைக் கண்டவுடனே, அது விதியில் எவ்விடத்துக்கு உரியது என்பதனை, அடுத்து வருவதை எட்டிப் பாராமல், துணிந்து சொல்ல வேண்டும் என்பதே அது. வினா ஒன்று வந்ததும் அஃது இணையைச் சேர்ந்த வினாவா, தனித்து நிற்கும் இறுதி வினாவா என்பது, பின்னே விடை வருகின்றதா என்று பார்த்தாலன்றி விளங்காது. ஆகவே விதி தள்ளப்படுகின்றது. விதியை வேறு வகையாக மாற்றி எழுதினாலும் பயனில்லை. எவ்வகைத் தொடர்களை இக்கட்டுப்பாட்டினுள் அடக்கலாம், எவற்றை அடக்கலாகாது என்பதனை அறியும் வழியை அன்னே புறூக்கமன்-கிளைன், டெறிக் வுட் என்னும் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியுள்ளது. அதன்படி நோக்கின், இத்தொடர் எவ்வாறு எழுதினும் அடங்காத இனத்தது.

இந்நிலையிற் பதிப்பாசிரியர் என் செய்வார்? அவர் முன் மூன்று வழிகள் உள. முதலாவது, இறுதி வினாவின் பின் வெற்று விடையொன்றை இடுதல். பொறி மகிழ்ந்து ஏற்கும். ஆயின் கூறப்படாத விடை, கூறப்பட்டு வெறுமையாய் நின்ற விடையாகிவிடுகின்றது. ஐம்பது ஆண்டுகளின் பின் அதனைக் காண்பவர், அவர் மௌனமாயிருந்தாரா, எழுந்து போனாரா, எழுதுவோர் விட்டுவிட்டாரா என்று எங்ஙனம் அறிவார்? இரண்டாவது வழி, வினாவும் விடையும் எம்முறையிலும் வரலாம் என இலக்கணத்தைத் தளர்த்துதல். அவ்வாறாயின் படியெடுக்கையில் இடையே ஒரு விடை விடுபட்டாலும் பொறி அதனைக் காட்டிக்கொடாது. இலக்கணம் எழுதியதன் பயனே போய்விடும். மூன்றாவது, இறுதி வினாவுக்கு மட்டும் வேறொரு பெயர் சூட்டுதல். இது முன்னையவற்றினும் நேர்மையான வழி. எனினும் அப்பெயர் ஆவணத்தின் இயல்பினாற் பிறந்ததன்று. இலக்கண மொழியின் இயலாமையாற் பிறந்தது. பதிவிலுள்ள வினாக்களையெல்லாம் எண்ண விரும்புவோர் இனி இரு பெயர்களைத் தேடுதல் வேண்டும்.

2012 ஏப்பிரலில் வெளிவந்த ஸ்கீமாவின் 1.1 பதிப்பு, நிபந்தனைக் கூற்றுக்களைச் சேர்த்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. தளர்த்திய விதியொன்றை எழுதி, அதன்மேற் கூற்றொன்றால் இறுக்கிக்கொள்ள இப்போது இயலும். ஆயினும் உறுப்புக்களின் தொடர் பற்றிய அடிப்படைத் தடை நீங்கவில்லை. நேரே செல்லத் தடையிட்டுச் சுற்றுவழி திறந்த கதையாகவே அது முடிந்தது.

சிலவற்றாற் பலவற்றைக் கூறல்

றிலாக்ஸ் என்.ஜி. இத்தடையை விதிக்கவில்லை. வினா விடை இணைகள் பல, அதன்பின் ஒரு வினா இருப்பினும் இல்லாதிருப்பினும் அமையும் என்று எண்ணியபடியே எழுதலாம். இது யாங்ஙனம் இயல்கின்றது? கிளார்க் கையாண்ட முறை, யானுஸ் பிர்சோசோவ்ஸ்கி 1964இல் வெளியிட்ட கணிதக் கருத்தொன்றைத் தழுவியது. ஓர் உறுப்பைப் படித்ததும், அஃது எவ்விடத்துக்கு உரியது என்று பொறி தேடுவதில்லை. இனி எஞ்சியுள்ள விதி யாது என்று மட்டும் கேட்கின்றது. முதல் வினாவைப் படித்தபின் எஞ்சுவது: விடை ஒன்றும் அதன்பின் முழு விதியும், அல்லது ஒன்றுமில்லை. விடை வந்ததாயின் எஞ்சுவது முன்னைய முழு விதியே. பதிவு முடியும்போது, எஞ்சிய விதி ஒன்றுமின்மையையும் ஏற்குமாயின் ஆவணம் வலிதானது. பொறி எவ்விடத்தும் முன்னே எட்டிப் பார்க்கவில்லை. அவசரப்பட்டுத் துணியவும் இல்லை. இரண்டு சாத்தியங்களையும் கையில் வைத்துக்கொண்டு நடக்கின்றது. பழைய கட்டுப்பாடு ஆவணத்தின் இயல்பால் வேண்டப்படாதது, ஒரு காலத்துச் செயல்முறையின் வசதிக்காக வந்து பின் வழக்காய் நிலைத்தது என்பது இதனாற் புலனாகும்.

இம்மொழியின் மற்றொரு சிறப்பு, தன்னைத் தானே எளிமையாக்கிக் காட்டுவது. எழுதுவோரின் வசதிக்காகப் பல சொற்களை அஃது அளிக்கின்றது. ஆயின் அதன் நியமநூல், அவற்றையெல்லாம் படிப்படியாகச் சில அடிப்படை வடிவங்களாகக் குறைக்கும் முறையைத் தனியோர் அதிகாரத்தில் வகுத்துரைக்கின்றது. வரினும் வரலாம் என்பது, அது அல்லது வெறுமை என்னும் தெரிவாகக் குறைகின்றது. எத்தனை முறையும் வரலாம் என்பது, ஒரு முறையோ பலமுறையோ வருதல் அல்லது வெறுமை என ஆகின்றது. உரையும் உறுப்புக்களும் கலந்து வருதல் என்பது, உரையோடு விரவி வருதல் என ஆகின்றது. இவ்வாறு குறைத்தபின் எஞ்சுவன தொடர்ந்து வருதல், ஒன்றைத் தெரிதல், விரவி வருதல், மீண்டும் வருதல் முதலிய சிலவே. பொருளை வரையறுப்பதும் இச்சிலவற்றுக்கே. பண்புகளுக்கும் இதே விதிகள் உரியன; ஆதலின் நாளைப் பண்பாகவோ உறுப்பாகவோ கூறலாம், இரண்டாலும் கூறலாகாது என விதிப்பதும் எளிது. 2001ஆம் ஆண்டு ஸ்கீமாவில் இதற்கு இடமில்லை.

எளிமை என்னும் சொல்லை ஈண்டுப் பிரித்துணர்தல் வேண்டும். ஆவண வகை வரையறையின் எளிமை, கூறக்கூடியவை குறைவாயிருத்தலால் வந்தது. றிலாக்ஸ் என்.ஜி. இன் எளிமை, சில கருத்துக்கள் தடையின்றித் தம்முட் சேர்தலால் வந்தது. முன்னையதில் மொழி எளிது. அதிற் பிறக்கும் இலக்கணம் சிக்கலாகும். பின்னையதில் மொழியும் எளிது, இலக்கணமும் எளிதாகும்.

இதற்கு டொக்புக் என்னும் இலக்கணத்தின் வரலாறு சான்று பகரும். கணினித் துறை நூல்களை எழுதுவதற்காக 1991இல் தொடங்கப்பெற்ற இவ்விலக்கணம் நெடுங்காலம் ஆவண வகை வரையறையாலேயே எழுதப்பட்டது. நூலின் முகப்புச் செய்திக்கு ஒரு பெயர், அத்தியாயத்தின் முகப்புச் செய்திக்கு மற்றொரு பெயர், கட்டுரையின் முகப்புச் செய்திக்கு வேறொரு பெயர் என ஒரு பொருளுக்கே பல பெயர்கள் அதில் மல்கின. ஒரு பெயருக்கு ஒரே இலக்கணம் என்ற கட்டுப்பாட்டின் விளைவே அது. 2009இல் நியமமான ஐந்தாம் பதிப்பு றிலாக்ஸ் என்.ஜி. இல் எழுதப்பட்டது. அப்பெயர்கள் யாவும் நீங்கி, முகப்புச் செய்தி என்னும் பொருள்பட்ட ஒரே பெயர் நின்றது. அது நிற்குமிடத்துக்கு ஏற்ப அதன் உள்ளுறுப்புக்கள் வேறுபடும். தலைப்பு வெளியே நிற்குமாயின் முகப்புச் செய்தியினுள் வரலாகாது. வெளியே இல்லையாயின் உள்ளே வரலாம் என்னும் நுட்பத்தையும் அவ்விலக்கணம் கூறுகின்றது. ஒரே பெயருடைய உறுப்புக்கு ஒரே தொடரினுள் இரு இலக்கணம் கொடுத்தலை ஸ்கீமா தடுப்பதால், அதில் இந்நுட்பத்தை இவ்வாறு எழுத இயலாது. இலக்கண மொழியைத் தக்கவாறு தெரிந்தமையாற் சொற்றொகை தானே சுருங்கியது என்பது இங்கே கொள்ளற்பாலது.

தொடரால் ஆகாதன

எனினும் எல்லா விதிகளையும் தொடரமைப்பால் கூறிவிட முடியாது. ஒரு கடிதத்தின் அடிக்குறிப்பு சுட்டும் எண் அந்நூலில் உண்மையாகவே உள்ளதா? ஒருவரின் இறந்த ஆண்டு பிறந்த ஆண்டுக்குப் பின்னதாக உள்ளதா? இத்தகையவற்றுக்கு ஏற்றது ஸ்கீமாற்றோன். அஃது உறுப்புக்களின் வரிசையை விதிப்பதில்லை. இன்ன இடத்தில் இன்னது உண்மையாதல் வேண்டும் எனக் கூற்றுக்களை அடுக்குகின்றது. கூற்றுப் பொய்யாகும்போது காட்டவேண்டிய செய்தியை இலக்கணம் எழுதுபவரே தமது மொழியில் எழுதிவைக்கலாம். பிழை கண்டவிடத்து மாணவனுக்கு விளங்கும் சொற்களால் அறிவுறுத்தும் ஆசிரியரைப் போன்றது இது. பிற மொழிகள் எட்டமுடியாத மூலைகளை எட்டித் துடைக்கும் இறகுத் துடைப்பமாக இதனை ஜெலிஃப் உவமித்தார். உவமை பொருத்தமானதே. துடைப்பத்தால் வீடு கட்ட முயல்வது அறிவன்று. நூறு கூற்றுக்களால் ஒரு கடிதத்தின் அமைப்பை விதிக்க முற்படுவோர், நான்கு வரியில் முடியும் செயலை நாற்பது பக்கமாக்குவர்.

மறுப்புரைகளும் உள. அவற்றை ஆராயாது முடிவு கூறல் நேர்மையாகாது. றிலாக்ஸ் என்.ஜி. தானாக வகுத்த தரவு வகைகள் இரண்டே. எண்ணுக்கும் நாளுக்கும் அது பெரும்பாலும் ஸ்கீமாவின் தரவு வகைகளையே இரவல் பெறுகின்றது. எழுதப்படாத பண்புக்கு இயல்பான பெறுமானம் அளித்தலையும் அதன் மூலநூல் ஏற்பதில்லை. ஆவணத்தைச் சரிபார்த்தல் வேறு, அதனை மாற்றுதல் வேறு என்பது அதன் கொள்கை. பல சாத்தியங்களை ஒருங்கே கொண்டு நடப்பதால், பிழை நேர்ந்தவிடத்துத் தரும் அறிவித்தல் சிலவேளைகளில் தெளிவற்றதாகும். செய்நிரல் ஆக்குவோர்க்கும் தரவுத்தளம் நடத்துவோர்க்கும் வேண்டிய கருவிகள் ஸ்கீமாவுக்கே மிகுதி. வரையறுத்த கட்டங்களில் வரையறுத்த பெறுமானங்களை நிரப்பும் கட்டணச் சீட்டுக்கும் வங்கிப் பதிவுக்கும் ஸ்கீமா தக்கது என்பதனை மறுத்தற்கில்லை. அலுவலக ஆவணங்களுக்கான இரு சர்வதேச நியமங்களுள் 2006இல் வந்த திறந்த ஆவண வடிவம் றிலாக்ஸ் என்.ஜி. ஐயும், 2008இல் வந்த ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவையும் இலக்கணமாகக் கொண்டன. இரண்டும் வழங்குகின்றன. ஆகவே ஒன்று வாழ ஒன்று மாயவேண்டும் என்பதில்லை. பொருளுக்கேற்ப மொழி வேறுபடும். மக்கள் எழுதிய நெடும் பனுவல்களுக்கு, அதன் ஒழுங்கின்மைகளை ஒழுங்காகக் கூறவல்ல மொழியே வேண்டும்.

இரண்டுக்கும் இடையே பாலமும் உண்டு. கிளார்க் எழுதிய டிராங் என்னும் செய்நிரல், றிலாக்ஸ் என்.ஜி. இல் எழுதிய இலக்கணத்தை ஸ்கீமாவாகவோ ஆவண வகை வரையறையாகவோ மாற்றித் தரும். கூற இயலாதவற்றைத் தோராயமாகத் தளர்த்திக்கொள்ளும். ஸ்கீமாவை அது மூலமாக ஏற்பதில்லை. விரிந்த மொழியில் எழுதிக் குறுகிய மொழியில் பெறலாம் என்பதே இதனாற் பெறப்படும் அறிவுரை. மூலத்தைக் குறுகிய மொழியில் எழுதியவர், கூறாது விட்டவற்றைப் பின்னர் எங்கிருந்து பெறுவார்?

சொற்றொகையைச் சுருக்கல்

மொழியைத் தெரிந்தபின் எஞ்சுவது, எத்துணை விதிகளை எழுதுவது என்பது. இதற்கு ரீ.ஈ.ஐ. எனப்படும் பனுவற் குறியீட்டு முயற்சியே தக்க பாடம். 1987 நவெம்பரில் நியூயோர்க் மாநிலத்துப் பக்கீப்சியில் உள்ள வாசார் கல்லூரியில் அறிஞர் கூடித் தொடங்கிய இம்முயற்சி, கவிதை, நாடகம், அகராதி, கையெழுத்துப்படி முதலிய எல்லாவற்றையும் குறியிட வழி வகுக்க முனைந்தது. ஸ்பேர்பேக்-மக்குயினும் லூ பேர்ணாட்டும் பதிப்பித்து 1994இல் வெளிவந்த அதன் வழிகாட்டி ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்டது. 2007இல் தொடங்கிய ஐந்தாம் பதிப்பில் உறுப்புக்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டன. எந்த அறிஞனுடைய தேவையையும் விட்டுவிடாத பெருந்தன்மை அதில் உண்டு. ஆயினும் ஒருவர் கையிலுள்ள ஒரு நூலுக்கு ஐந்நூறு உறுப்புக்களையும் திறந்துவிடுதல், சிறுவனுக்கு அகராதி முழுவதையும் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வதை ஒக்கும். ஒரே செய்தியை இருவர் இரு வகையாகக் குறியிடுவர். இருவரும் வலிதானவற்றையே எழுதியிருப்பர். இரண்டையும் ஒப்புநோக்க முடியாது போகும்.

முயற்சியாளரே இதனை உணர்ந்தனர். பெரும்பாலோரின் பெரும்பான்மைத் தேவைக்குப் போதும் அளவினதாக ஒரு சிறு தொகுதியை அவர்களே பிரித்தளித்தனர். பின்னர் ஐந்தாம் பதிப்பில் மேலும் சிறந்த வழியொன்றைக் கண்டனர். ஒவ்வொரு திட்டத்தாரும் வேண்டிய உறுப்புக்களைக் கொண்டு, வேண்டாதவற்றை நீக்கி, அவ்வாறு செய்தமைக்கான விளக்கத்தையும் ஒரே ஆவணத்தில் எழுதுகின்றனர். அதிலிருந்தே இலக்கணமும் விளக்கநூலும் பொறியாற் பெறப்படுகின்றன. விதியும் அதற்கான காரணமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் நிற்றல் இதன் பெருஞ்சிறப்பு. தமிழ் மரபில் நூற்பாவும் உரையும் ஓரேட்டில் நின்றமை போன்றது இது. குறை கூறுவதாயின், சுருக்கும் பொறுப்பு முழுவதும் பயில்வோர் தலையில் விழுகின்றது என்று கூறலாம். எதை நீக்கலாம் என்று அறிவதற்கே முழு வழிகாட்டியையும் ஒருமுறை படித்தாக வேண்டும்.

இவ்வழியிற் பிறந்த இலக்கணங்களுள் ஒன்று, கல்வெட்டுக்களுக்கான எப்பிடொக். சிதைந்த எழுத்து, ஐயத்துக்குரிய எழுத்து, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்து என்பவற்றை அச்சில் வேறுபடுத்துதற்கு 1931இல் லெய்டன் நகரிற் கூடிய அறிஞர் அடைப்புக்குறி முறையொன்றை வகுத்தனர். அவ்வேறுபாடுகளையே எப்பிடொக் உறுப்புக்களாக அமைத்துள்ளது. 2019இல் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் உதவியோடு தொடங்கிய தர்மா என்னும் ஆராய்ச்சித் திட்டத்தார், தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுக்களை இம்முறையாற் குறியிடுகின்றனர்; தமிழ்க் கல்வெட்டுக்களும் அவற்றுள் அடங்கும். கல்லில் உள்ள எழுத்துக்கும் கல்லைப் படித்தவர் கருத்துக்கும் உள்ள வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதனைப் பதிப்பாசிரியர் அறிவர். இடைவெளி என்னும் உறுப்பு தொடரமைப்பில் எங்கெங்கு வரலாம் என்பதனை றிலாக்ஸ் என்.ஜி. கூறும். அவ்விடைவெளியின் அளவோ காரணமோ சொல்லப்படாதிருப்பின் ஸ்கீமாற்றோன் எடுத்துக்காட்டும். நாள் கூறும் சொல் கல்லில் உள்ளவாறே நிற்க, அதற்கு நிகரான நாட்காட்டிக் கணக்கு பண்பாக அமைந்து, ஸ்கீமாவின் தரவு வகையாற் சரிபார்க்கப்படும். மூன்று மொழிகளும் தத்தம் தொழிலைச் செய்து ஒன்றுக்கொன்று துணையாய் நிற்றலை இங்கே காணலாம்.

இதுகாறும் கூறியவற்றால் தெரிவுக்கு ஒரு முறை பெறப்படும். முதலில், கையிலுள்ள ஆவணங்கள் சிலவற்றை எடுத்து, அவற்றில் உண்மையாக வரும் உறுப்புக்களை மட்டும் பட்டியலிடுக. அடுத்து, அவற்றின் தொடரமைப்பை, வளைக்காமற் கூறவல்ல மொழியில் எழுதுக. பனுவல்களுக்கு அது பெரும்பாலும் றிலாக்ஸ் என்.ஜி. ஆகும். எண்ணும் நாளும் வருமிடத்துத் தரவு வகைகளை இரவல் பெறுக. தொடராற் கூறமுடியாதவற்றை மட்டும் கூற்றுக்களாகச் சேர்க்க. வேறு கருவிகளுக்குக் குறுகிய இலக்கணம் வேண்டுமாயின் அதனைப் பொறியாற் பெறுக. ஒவ்வொரு விதிக்கும் காரணம் எழுதிவைக்க. விதியை இறுக்குவதும் தளர்த்துவதும் பின்னரும் இயலும். ஆவணத்தில் ஒருமுறை புகுந்த பொய்யை நீக்குதலோ அரிது.

பொறிகள் மாறும், செய்நிரல்கள் வழக்கொழியும், ஒரு காலத்துச் சிறந்த மொழி பிறிதொரு காலத்துப் பழையதாகும். அவற்றைக் கடந்து நிற்க வேண்டியது ஆவணம். நேர்காணலின் இறுதியில் ஒருவர் விடை கூறாது எழுந்து சென்றார் என்பது ஒரு செய்தி. அச்செய்தி, பொறிக்கு இசைவாக இடப்பட்ட வெற்று விடையொன்றினுள் மறையாமல், நிகழ்ந்தவாறே வருங்காலத்தார் கையிற் சேருமாயின், அதற்கு வகுத்த இலக்கணம் நல்லிலக்கணம் எனலாம்.